பட்டுக்குப் போட்ட கஞ்சி

தம்புசாமி அண்ணன் வேண்டுமென்றேதான் செய்தார் என்று மலாயாவில் எங்கள் பிரிக்பீல்ட்சில் இன்னும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். பத்துமலைக் கூட்டத்தில் முன்பின் தெரியாத ஒருத்தி என்னிடமே அந்தக் கதையை ஆரம்பித்தாள். "நிறுத்து தாயி. அந்த வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவுல ஒரே ஒரு பலகைதான் இருந்துச்சு. கொல்லன் தெருவுல வந்து ஊசி விக்காதே" என்று அவள் வாயை அடைத்தேன். என் பேர் இராஜம்மா. ரயில்காரர்களுக்குக் காலையில் பசியாற இட்லியும் ஆப்பமும் விற்றுக்கொண்டிருந்தவள். என் வாய் கொஞ்சம் நீளம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இல்லாததைச் சொல்கிற வாய் இல்லை.

அப்போதெல்லாம் ஆற்றோரம் வரிசை வீடுகளாக இருந்த எங்கள் லயத்தில் பாதி வீடு டோபி வீடு. ஒரு பக்கம் செங்கல் சூளைப் புகை, இன்னொரு பக்கம் ரயில் கரிப்புகை, நடுவில் துரைமார்களின் வெள்ளைக் கால்சட்டைகள் கொடியில் ஆடிக்கொண்டிருக்கும். இந்தக் கரிக்கு நடுவில் எப்படித்தான் அப்படி வெளுத்தார்களோ! அதிலும் தம்புசாமி அண்ணன் கை தனி. அவர் கஞ்சி போட்ட கால்சட்டை ஆள் இல்லாமலே எழுந்து நிற்கும் என்பார்கள். ஆற்றுத் துறையில் அடிப்பதும் வெள்ளாவி வைப்பதும் கஞ்சி போடுவதும் அவர் வேலை. மேட்டு பங்களாக்களுக்குப் போய் அழுக்கு மூட்டை எடுத்து வருவதும், வெளுத்ததைக் கொண்டுபோய்க் கொடுப்பதும் அவர் பெண்சாதி வள்ளியம்மா வேலை. வெயிலோ மழையோ, தலையில் மூட்டையோடு மேடு ஏறி இறங்குவாள்.

வள்ளியம்மாவுக்குத் தம்பி ஒருத்தன், சபாபதி. தாயில்லாப் பிள்ளை, இடுப்பில் வைத்து வளர்த்தவள் அவள்தான். கப்பலில் வரவழைத்து, வீட்டிலேயே வைத்துக்கொண்டு, ரயில் பாதை போடுகிற கூட்டத்தில் வேலைக்குச் சேர்த்துவிட்டாள். அவனும் மாமனும் எலியும் பூனையும். இவர் குடித்துவிட்டு வந்து பேசுவார், அவன் எதிர்த்துப் பேசுவான். ஒரு மழை நாளில் இவர் அவனுடைய தகரப் பெட்டியைத் தூக்கிச் சாக்கடையில் எறிந்து, "நீ தூக்குலதாண்டா தொங்குவ" என்று கத்தினார். அவன் பெட்டியைக் கழுவி எடுத்துக்கொண்டு ரயில் கூலி லயத்துக்குப் போய்விட்டான். அந்த வாய் என்ன நேரத்தில் அதைச் சொன்னதோ தெரியவில்லை. ஒரு மாதம்கூட ஆகவில்லை. வேலைத்தலத்தில் மேஸ்திரி ரெங்கசாமியைத் தண்டவாளம் முடுக்குகிற இரும்புச் சாவியால் மண்டையில் அடித்துவிட்டான். ஆள் அங்கேயே போய்விட்டார். இவன் ஓடவும் இல்லை. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தானாம்.

கொலைக் கேஸ். ஏன் அடித்தாய் என்று போலீஸ் கேட்டது, சொல்லவில்லை. வள்ளியம்மா புடு ஜெயிலுக்குப் போய் அழுதாள், சொல்லவில்லை. சர்க்காரே நியமித்த இளம் வக்கீல் இராமலிங்கம் தலையால் தண்ணீர் குடித்துப் பார்த்தார். "அம்மா, மேஸ்திரி என்னமோ சொல்லியிருக்கான், அதுல இவனுக்குக் கண்ணு மண்ணு தெரியாம போயிருக்கு. அது என்னன்னு இவன் வாயால சொன்னா உயிர் தப்பும். சொல்லலன்னா தூக்குதான்" என்று பச்சையாகவே சொல்லிவிட்டார். அந்தப் புண்ணியவான் அதோடு விடவும் இல்லை. அவர் லண்டனில் படித்தபோது பழக்கமான ஒரு பெரிய வெள்ளைக்கார வக்கீல் ஏதோ ஈயச் சுரங்கக் கேசுக்காகச் சிங்கப்பூரிலிருந்து வந்திருந்தார். அவர் காலைக் கையைப் பிடித்து இந்தக் கேசுக்கும் வரவைத்தார். அந்தத் துரையைத்தான் நாங்கள் எல்லோரும் கேசி துரை என்றோம்.

வெள்ளிக்கிழமை கேஸ் ஆரம்பித்தது. சாட்சிகள் எல்லாம் பார்த்ததைப் பார்த்தபடி சொல்லிவிட்டுப் போனார்கள். இனி திங்கட்கிழமை கேசி துரை பேச வேண்டும். அதற்குள் சபாபதி வாய் திறக்க வேண்டும். சாயங்காலம் கோர்ட்டு கலைகிற நேரத்தில் நல்ல மழை. வாசலில் எவனோ மோட்டார்க்காரன் செம்மண் சேற்றை வாரி அடித்துக்கொண்டு போக, துரையின் கறுப்பு கவுனில் இடுப்புக்குக் கீழே முழுக்கச் சேறு.

சனிக்கிழமை காலை நான் கடைசி ஆப்பத்தை எடுத்துக்கொண்டிருக்கும்போது கார்த்திகேசர் வந்தார். இராமலிங்கம் வக்கீலின் கிராணி, அதாவது குமாஸ்தா. யாழ்ப்பாணத்துக்காரர். கையில் காகிதம் சுற்றிய பொட்டலத்தைக் குழந்தையைப் போல ஏந்திக்கொண்டு வந்தார்.

"வள்ளியம்மா! உன்ரை மனுசன் எங்கை? இதிலை சேறு பட்டுப்போச்சு. காய்ஞ்ச சேத்தைத் தட்டிப்போட்டு, மெல்லமா இஸ்திரி போட்டுத் தரவேணும். திங்கள் விடியக் கோர்ட்டுக்குக் கொண்டு வந்திடுங்கோ. லேசுப்பட்ட உடுப்பில்லை, கவனம்."

பொட்டலத்தைப் பிரித்தார். கறுப்புத்தான், ஆனால் என்ன கறுப்பு! தண்ணீரில் எண்ணெய் விட்டாற்போல வெளிச்சம் வழுக்கிக்கொண்டு ஓடியது.

"பட்டா ஐயா இது?" என்றார் தம்புசாமி அண்ணன். குரலே மாறிவிட்டது.

"பட்டில்லாமல்? கே.சி. எண்டால் ஆர் எண்டு நினைச்சாய்? கிங்ஸ் கவுன்சல். மன்னர் குடுக்கிற பட்டம். நினைச்ச வக்கீலுக்கெல்லாம் கிடைக்காது. கனகாலம் வழக்காடிப் பேர் எடுக்கவேணும், நடத்தையிலை ஒரு சொட்டை இருக்கப்படாது. அப்பிடி இருந்தும் கேட்ட எல்லாருக்கும் குடுக்கமாட்டினம்."

"பட்டம் வந்தா ராஜா சம்பளம் குடுப்பாருங்களா?" என்று நான் கேட்டேன். எனக்கு எதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

"ஒரு சதமும் இல்லை. மரியாதைதான். பேருக்குப் பின்னாலை ரெண்டு எழுத்து. கோர்ட்டிலை முன் வரிசை. மற்ற வக்கீல்மாருக்கு முதல் இவரைத்தான் ஜட்ஜ் கூப்பிடுவார். மற்றவைக்குச் சாதாரண துணியிலை கவுன், இவைக்கு மட்டும் பட்டு. பட்டம் கிடைச்சால் 'பட்டு எடுத்திட்டார்' எண்டுதான் வெள்ளைக்காரர் கதைப்பினம்."

வள்ளியம்மா இதையெல்லாம் கேட்டு வாய் பிளக்கவில்லை. அவள் கவலை வேறு. "ஐயா, கேஸ் போட்டது சர்க்காரு. சர்க்காருன்னா ராஜா. இவரும் ராஜாவோட வக்கீலுங்கறீங்க. அப்பறம் எப்படிங்க ராஜாவ எதிர்த்து என் தம்பிக்குப் பேசுவாரு?"

கார்த்திகேசர் முகம் கொஞ்சம் சுருங்கியது. "உன்ரை தம்பியும் அதைத்தான் நினைக்கிறான் போல. நேற்று அவனை அடைச்சு வைச்ச மறியல் அறைக்குத் துரையோடை போனன். 'உனக்காக வந்திருக்கிறவர் ஆர் தெரியுமோ, மன்னரின்ரை சொந்தக் கவுன்சல்' எண்டு பெருமையாச் சொன்னன். அவன் சுவர்ப் பக்கம் திரும்பினவன்தான். 'ராஜாவோட ஆளுகிட்ட எனக்கென்ன பேச்சு' எண்டான்."

"நீங்க எதுக்கு ஐயா அதப் போயி சொன்னீங்க?"

"அவன் அப்பிடி எடுப்பான் எண்டு நான் கண்டனானே! பார் பிள்ளை, முந்தி ஒரு காலத்திலை கே.சி. மாருக்கு அப்பிடி ஒரு கட்டு இருந்தது உண்மை. மன்னருக்கு எதிராக் கைதிக்குப் பேசவேணுமெண்டால் மன்னரிட்டையே அனுமதி வாங்கவேணும். இப்ப அதெல்லாம் எடுத்தாச்சு. இப்ப பேர்தான் மன்னரின்ரை. ஆள் உன்ரை தம்பியின்ரை பக்கம்."

அவள் நம்பினாளோ இல்லையோ, தலையை ஆட்டினாள். மனிதர் அதோடு போயிருக்கலாம். போகிற போக்கில் இன்னொன்றையும் சொல்லி வைத்தார்.

"உடுப்பு விசயத்திலை கோர்ட்டு பொல்லாதது. சரியான உடுப்பில்லாமல் ஒரு வக்கீல் எழும்பி நிண்டால், ஜட்ஜ் ஏசமாட்டார். 'உம்முடைய குரல் எனக்குக் கேக்கேல்லை' எண்டு மட்டும் சொல்லுவார். பிறகு தொண்டை கிழியக் கத்தினாலும் கேக்காது. அதாலைதான் சொல்லுறன், கவனம்."

வள்ளியம்மா அந்தக் கவுனைப் பார்த்தாள் பாருங்கள், அம்மன் சிலையைக்கூட அவள் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். பட்டு வண்ணான் கைக்கு வராது. ஊரில் பெரிய வீடுகளில் கோவணம் முதல் பாய்விரிப்பு வரை வெளுக்கப் போடுவார்கள். தீட்டுத் துணி போடுவார்கள். பட்டை மட்டும் போடமாட்டார்கள். அந்த வீட்டுப் பெண்களே அலசி நிழலில் உலர்த்திக்கொள்வார்கள். வண்ணான் தொட்டால் மடி கெட்டுப்போகுமாம்! அவன் தொட்டு வெளுத்த வேட்டியைக் கட்டிக்கொண்டு சாமி கும்பிடலாம், அதற்கு ஒன்றும் இல்லை. நம் ஆட்கள் கண்டுபிடிக்கிற சட்டத்தை என்னவென்று சொல்வது! தம்புசாமி அண்ணனின் அப்பன், பாட்டன், ஒருத்தர் கையிலும் பட்டு பட்டதில்லை. மலாயா வந்தும் அவருக்கு வந்ததெல்லாம் வெள்ளைத் துணிதான். இப்போது முதல் முதலாக வந்த பட்டு, ராஜா கொடுத்த பட்டு. இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டார்.

"தட்டி இஸ்திரி போட்டாப் போதும்னுதான அவரு சொன்னாரு?" என்றாள் வள்ளியம்மா.

"தட்டிக் குடுக்கறதுக்கு டோபி எதுக்கு? நீ சும்மா இரு. எவன் வெளுத்த பட்டும் இதுக்குக் கிட்ட நிக்கக்கூடாது. ஜட்ஜு கண்ணு அப்படியே இதுல நிக்கணும்."

அவள் தம்பிக்கு வேண்டிக்கொள்ள மாரியம்மன் கோயிலுக்குப் போய்விட்டாள். இவர் தலைக்குக் குளித்தார், திருநீறு பூசினார், துறைக்குப் போனார். கல்லில் அடிக்கவில்லை, அந்த அளவுக்குப் புத்தி இருந்தது. சோப்புப் போட்டுக் கையால் கசக்கினார். நான் தண்ணீர் எடுக்கப் போனபோது பார்த்தேன், கையெல்லாம் கறுப்பு. "அண்ணே, சாயம் போகுது போலிருக்கே" என்றேன். "அழுக்கும்மா" என்றார். குடிக்காமல் அவர் ஒரு சனிக்கிழமையைக் கழிப்பதே அதிசயம். ஒரு மாதமாகவே கள்ளுக்கடைப் பக்கம் போகவில்லை. மச்சான் உள்ளே போனதில் மனிதர் ஒடிந்துபோய்விட்டார் என்று நினைத்தேன். அந்த ஒடிவுக்கு உள்ளே வேறொன்று இருந்தது எனக்கு எப்படித் தெரியும்?

சாயங்காலம் சியாம் அரிசியில் நல்லதாகப் பொறுக்கிக் கஞ்சி காய்ச்சினார். துணியில் வடிகட்டினார். வாசம் எங்கள் வீடு வரைக்கும் வந்தது. வெள்ளைக் கால்சட்டைக்குத்தான் காய்ச்சுகிறார் என்று நான் இருந்துவிட்டேன்.

ஞாயிறு காலை வள்ளியம்மா போட்ட சத்தத்தில் என் கையிலிருந்த கரண்டி விழுந்தது. ஓடினேன். கொடியில் அந்தக் கவுன் கிடந்தது. கிடந்தது என்று சொல்லக்கூடாது, நின்றது. கை இரண்டும் விறைத்துக்கொண்டு, செத்த பறவை மாதிரி. வழுவழுப்பு எல்லாம் போய் அடுப்புச் சாம்பல் நிறம். அங்கங்கே கஞ்சி வெள்ளைத் திட்டாகப் பூத்திருந்தது. ஈரத்தோடேயே தேய்த்துப் பார்த்திருக்கிறார், தோளில் இஸ்திரிப் பெட்டி சுட்ட அடையாளம். நீளத்திலும் ஒரு சாண் சுருங்கியிருந்தது.

"என்ன பண்ணி வச்சிருக்கீங்க? என்ன பண்ணி வச்சிருக்கீங்க?" இதையே திரும்பத் திரும்பக் கேட்டாள்.

"காஞ்சதும் மெருகு வரும்னு நெனச்சேன் வள்ளி. வெள்ளைத் துணிக்கு வருமில்ல..."

"பட்டுக்கு யாராவது கஞ்சி போடுவாங்களா?"

"எனக்கு எப்படித் தெரியும்? எவன் எனக்குப் பட்டுக் குடுத்தான்?"

"தெரியலன்னா தெரியலன்னு சொல்றதுக்கு வாய் இல்லையா? அந்த ஐயா தட்டிக் குடுன்னுதான சொன்னாரு? சரியான உடுப்பு இல்லன்னா ஜட்ஜுக்குக் காதே கேக்காதுன்னு சொன்னாரே, உங்க காதுலயும் விழுந்துச்சே!" அவள் குரல் திடீரென்று இறங்கியது. கத்தியதைவிட அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "தெரிஞ்சேதான் பண்ணிட்டீங்க."

"வள்ளி!"

"தூக்குல தொங்குவன்னு சொன்ன வாய்தான அது? சொன்னத நடத்திக்காட்டறீங்க. இராஜம்மாக்கா, நீங்களே சொல்லுங்க, கைதேர்ந்த டோபி இவரு. கைதவறிப் பண்ணுவாரா?"

"அடியே, கெடுக்கறவன் அரிசி பொறுக்கிக் கஞ்சி காய்ச்சுவானாடி?" என்றேன். அது அவள் காதில் ஏறவில்லை. அண்ணன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கண்ணில் தண்ணீர் வந்தது. "சத்தியமா அவனுக்கு நல்லது பண்ணணும்னுதான்..." என்றார். அந்தச் சத்தியத்தை அவள் வாங்கிக்கொள்ளவில்லை.

மறுபடி தண்ணீரில் போட்டுக் கஞ்சியை எடுத்துவிடலாம் என்றால் வானம் கறுத்துக்கொண்டு வந்து, மத்தியானத்துக்குள் மழை பிடித்துக்கொண்டது. ஈரம் போட்டால் திங்கட்கிழமைக்குக் காயாது. சொட்டச் சொட்ட ஈரமாகக் கொடுப்பதைவிட விறைப்பாகக் கொடுப்பதே மேல் என்று நான்தான் சொன்னேன். அன்று அந்த வீட்டில் உலை வைக்கவில்லை. நான் கொண்டுபோய்க் கொடுத்த சோறு அப்படியே இருந்தது. மழை தகரக் கூரையில் கொட்டிக்கொண்டே இருந்தது. பலகைக்கு அந்தப் பக்கம் ஒரு பேச்சு இல்லை. கல்யாணமான நாளிலிருந்து சண்டை போட்ட வீடு அது. சண்டை இல்லாமல் அன்றைக்கு எனக்குத் தூக்கமே வரவில்லை.

திங்கட்கிழமை கடையைப் போடவில்லை. மூன்று பேரும் நடந்தே கோர்ட்டுக்குப் போனோம். முன்னால் அவள், நடுவில் நான், பின்னால் பொட்டலத்தோடு அவர். தாழ்வாரத்தில் கார்த்திகேசர் பிரித்துப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"ஐயோ, என்னடா செய்து வைச்சிருக்கிறாய்! என்ரை வேலை போச்சு. டேய், என்னடா இது, வாழைமட்டை மாதிரி?"

"கஞ்சிங்கையா" என்றார் அண்ணன்.

"கஞ்சியோ!"

அதற்குள் இராமலிங்கம் வக்கீலும் கேசி துரையும் வந்துவிட்டார்கள். துரை நெட்டையான கிழவர், மூக்கு மட்டும் சிவப்பு. வள்ளியம்மா அப்படியே விழுந்து அவர் பூட்ஸைப் பிடித்துக்கொண்டாள். "சாமி, தப்பு இவரோடது. என் தம்பியக் கைவிட்டுடாதீங்க. ஜட்ஜுகிட்ட நானே சொல்றேன், இவரே வந்து சொல்வாரு, உங்க மேல தப்பு இல்லன்னு." கார்த்திகேசர் தடுமாறித் தடுமாறி இங்கிலீசில் சொன்னார். இராமலிங்கம் வக்கீல் அவசரமாகத் தன் கவுனைக் கழற்றித் துரையிடம் நீட்டினார்.

துரை அதை வாங்கவில்லை. பட்டைக் கையில் எடுத்தார். தட்டிப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். என்னமோ கேட்டார். "சோத்துக் கஞ்சி எண்டு சொன்னன்" என்றார் கார்த்திகேசர் எங்களிடம், அழாக்குறையாக. துரை, கைகட்டி நின்ற அண்ணனைப் பார்த்தார். பொழுதெல்லாம் தண்ணீரில் ஊறி வெளிறிப்போன அந்தக் கைகளைப் பார்த்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கவுனை மாட்டிக்கொண்டு உள்ளே போனார்.

"என்ன சொன்னாரு? ஏசினாரா?" என்றாள் வள்ளியம்மா.

"நேரமாச்சு எண்டார். அவ்வளவுதான்."

கோர்ட்டில் கடைசி பெஞ்சில் இடம் கிடைத்தது. மேலே மின்விசிறி சுற்றியது. கூண்டில் சபாபதி தலையைத் தொங்கப்போட்டு நின்றான். பாதியாக இளைத்திருந்தான். ஜட்ஜ் வந்தார், பக்கத்தில் தீர்ப்புக்கு யோசனை சொல்கிற அசெஸர்கள் இரண்டு பேர். கேசி துரை எழுந்தார். எழுந்தாரோ இல்லையோ, மொடமொடவென்று ஒரு சத்தம். கையைத் தூக்கினால் மொடமொட, காகிதத்தைத் திருப்பினால் மொடமொட. ஜட்ஜ் எழுதுவதை நிறுத்தினார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துரையை மேலும் கீழும் பார்த்தார். ஜட்ஜ் ஏதோ சொன்னார்.

வள்ளியம்மா என் கையைப் பிடித்த பிடியில் வளையல் உடைந்தது. "கேக்கலன்னு சொல்லிட்டாரா? ஐயா, கேக்கலன்னு சொல்லிட்டாரா?"

கார்த்திகேசர் வாயில் கையை வைத்துக்கொண்டு குனிந்தார். "இல்லைப் பிள்ளை. 'உம்முடைய குரல் எனக்குக் கேக்குது. ஆனா உம்முடைய கவுனின்ரை குரல் அதைவிடப் பெரிசாக் கேக்குது' எண்டார்."

கோர்ட்டு முழுக்கச் சிரித்தது. துரையும் தலையைக் குனிந்து சிரித்தார். அந்தச் சிரிப்புச் சத்தத்தில்தான் சபாபதி தலையைத் தூக்கினான்.

துரை ஜட்ஜிடம் உத்தரவு கேட்டுக்கொண்டு கூண்டுக்குப் பக்கத்தில் போனார். கடைசியாக ஒரு தரம் அவனிடம் பேசிப் பார்க்கத்தான். மொழிபெயர்க்கிறவர் கூடப் போனார். சபாபதி துரையின் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தக் கவுன் கையைப் பார்த்தான். மூக்கை உறிஞ்சினான். எத்தனை வருஷம் அந்தக் கஞ்சிப் பானை பக்கத்தில் படுத்துத் தூங்கினவன்!

"இதுக்கு யாருங்க கஞ்சி போட்டது?" என்றான்.

கைதானதிலிருந்து அவன் கேட்ட முதல் கேள்வி அது. மொழிபெயர்க்கிறவர் திருதிருவென்று விழித்து, பிறகு இங்கிலீசில் சொன்னார். துரை திரும்பிக் கடைசி பெஞ்சைக் காட்டினார். தம்புசாமி அண்ணன் தன்னை அறியாமல் எழுந்து நின்று கும்பிட்டார்.

"மாமாவா?" சபாபதி சிரித்தான். "பட்டுக்குப் போயி கஞ்சி போட்டிருக்காரே மனுஷன்." சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்துவிட்டது. புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டான். "இவரு ராஜாவோட ஆளுன்னு நெனச்சேன். இவரு மேல எங்க வீட்டு வாசம் அடிக்குதுங்க. நான் சொல்லிடறேன். எனக்குச் சாகப் பயமா இருக்கு."

ஜட்ஜ் பேனாவை எடுத்தார்.

"அக்கா, நீ வெளிய போ" என்றான் சபாபதி.

அவள் அசையவில்லை.

"போக்கா. உன்னக் கும்பிடறேன்."

போகவில்லை. அவன் அவளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"மேஸ்திரி எங்கக்காவப் பத்திப் பேசினாருங்க. 'உங்கக்கா மேட்டு பங்களாவுக்கு வெளுத்த துணி குடுக்கத்தான் போறாளா, துரைமாருக்கு வேற எதுவும் குடுக்கிறாளா'ன்னாரு. நாக்க அறுத்துடுவேன்னேன். சிரிச்சாரு. 'நான் சொல்லலடா. உன் மாமனே சொன்னான். கள்ளுக்கடையில, எல்லார் முன்னாலயும் சொன்னான். அக்கா அங்க போயி சம்பாதிக்கறா, தம்பி உக்காந்து திங்கறான்னு சொன்னான்'னாரு. அதுக்கப்பறம் எனக்குத் தெரியலைங்க. கையில சாவி இருந்துச்சு."

துரை என்னமோ கேட்டார். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று மொழிபெயர்க்கிறவர் கேட்டார்.

"அக்கா காதுல விழக்கூடாதுன்னுதாங்க."

நான் திரும்பி அண்ணனைப் பார்த்தேன். கும்பிட்ட கை கும்பிட்டபடியே இருந்தது. வாய் திறந்திருந்தது. அப்போது தெரிந்தது எனக்கு, ஒரு மாதமாக அவர் ஏன் கள்ளுக்கடைப் பக்கம் போகவில்லை, ஒரு கறுப்புத் துணியை ஏன் அப்படி உயிரைக் கொடுத்துக் கசக்கினார் என்று. பாவி மனுஷன், தான் உளறியதுதான் கொலையில் போய் முடிந்ததோ என்று சந்தேகப்பட்டுக்கொண்டேதான் இருந்திருக்கிறார். வள்ளியம்மா திரும்பிப் பார்க்கவில்லை. என் கையை விட்டாள். உடைந்த வளையல் துண்டுகளை மடியில் பொறுக்கி வைத்துக்கொண்டாள்.

பிறகு கேசி துரை பேசினார். மத்தியானம் வரை பேசினார். முன்வரிசையில் நின்று, அந்தச் சாம்பல் பூத்த பட்டோடு பேசினார். மொடமொட சத்தம் கேட்டதாகவே எனக்கு நினைவில்லை. மதியத்துக்கு மேல் ஜட்ஜ் தீர்ப்புச் சொன்னார். கொலை என்று வைக்கவில்லை, கோபத்தில் கைமீறிய குற்றம் என்று வைத்தார். ஏழு வருஷம். "தூக்கு இல்லை, தூக்கு இல்லை" என்று கார்த்திகேசர் அழுதுகொண்டே சொன்னார். "பாத்தியளே, கே.சி. எண்டால் இதுதான்!" என்றும் சேர்த்துக்கொண்டார். "ஆமாய்யா, உங்க கே.சி.யும் எங்க கஞ்சியும்" என்று நான் ஒரு வெட்டு வெட்டினேன்.

துரை சாயங்கால ரயிலில் சிங்கப்பூர் போய்விட்டார். கவுனைக் கையோடு எடுத்துக்கொண்டு போனதாகச் சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்து வள்ளியம்மா உலை வைத்தாள். ரசம் வைத்தாள், கருவாடு சுட்டாள். அவருக்கு இலை போட்டாள். எனக்கு எல்லாம் கேட்டது.

"வள்ளி, குடிச்சிட்டு என்ன பேசினேன்னு எனக்கே..."

"சாப்புடுங்க."

"அவன் மேல இருந்த கோவத்துல, உன்னைப் பத்தி நான் அப்படி நெனச்சதே..."

"ரசம் ஆறுது."

ஒரு வார்த்தை ஏசியிருக்கலாம் அவள். தூக்கிப் போட்டு உடைத்திருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை செய்யாத குற்றத்துக்கு அந்தக் கத்து கத்தினவள், செய்த குற்றத்துக்கு வாயே திறக்கவில்லை. கத்தியிருந்தால் அன்றைக்கே தீர்ந்திருக்கும். எனக்கே அவளைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது.

மறுநாள் காலையில் அவர் வழக்கம்போல வீட்டுத் துணியை மூட்டை கட்டினார். அதில் அவள் சேலை இல்லை. தேடிக்கொண்டு துறைக்கு வந்தார். கீழ்க்கோடியில், யாரும் துவைக்காத கல்லில் உட்கார்ந்து அவளே கசக்கிக்கொண்டிருந்தாள். "குடும்மா" என்று கையை நீட்டினார். டோபி பெண்சாதி தன் சேலையைத் தானே துவைத்தால் துறையில் எல்லோரும் பார்ப்பார்கள். பார்த்தார்கள்.

"என் துணிய நீங்க தொட வேணாம்" என்றாள்.

அவ்வளவுதான் அவள் சொன்னது. மேட்டு பங்களாவுக்கு மூட்டை தூக்கிக்கொண்டு போவதையும் நிறுத்தவில்லை. தலையை நிமிர்த்திக்கொண்டுதான் போனாள். அவருக்குச் சோறு போட்டாள், காய்ச்சல் வந்தால் கஷாயம் வைத்தாள். அவர் அதற்கப்புறம் ஒரு சொட்டுக் கள் தொடவில்லை. கொடியில் எப்போதும்போல துரைமார் துணி ஆள் ஆளாக விறைத்து நிற்கும். கடைசியில் கஞ்சி இல்லாமல் ஒரு சேலை தொய்ந்து ஆடும். வருஷக் கணக்காக அதைப் பார்த்துப் பார்த்து எனக்கும் பழகிவிட்டது. அவருக்குப் பழகவில்லை.

சபாபதி வெளியே வந்த அன்று நானும் போயிருந்தேன். நரைத்திருந்தான். குளித்துவிட்டு வந்து மாமன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டான். அவன் தன் இலையிலிருந்த கருவாட்டை எடுத்து அவர் இலையில் வைத்தான். மறுநாள் வள்ளியம்மா தம்பியின் பழைய சட்டையைப் பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டு துறைக்கு வந்தாள். அண்ணன் முன்னால் நின்றாள்.

"என் தம்பி சட்டை. நல்லாக் கஞ்சி போட்டுக் குடுங்க" என்றாள்.

அவர் இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டார். வாங்கின பிறகும் கையை மடக்கவில்லை. அவள் இடுப்பில் நேற்றுக் கட்டிய சேலை சுருட்டி இருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அவள் கீழ்க்கோடிக் கல்லுக்குப் போய் உட்கார்ந்து சேலையைத் தண்ணீரில் நனைத்தாள்.